மலைதான் எங்கள் அமெரிக்கா

முதல் பாட்டு முடிந்தது. ஒருத்தர்கூடக் கை தட்டவில்லை.

முன்னால் மலையே திரண்டு வந்து உட்கார்ந்திருக்கிறது. பலா மரத்தடியில், பாறை மேல், கோயில் சுற்றுச் சுவரின் மேல் என்று எங்கே பார்த்தாலும் தலை. அத்தனை கண்ணும் எங்கள் மேல்தான். ஆனால் ஒரு சீழ்க்கை, ஒரு கூச்சல்? ஊஹூம். மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் மட்டும் தடதடத்துக்கொண்டிருந்தது.

நல்ல மத்தியான வெயில், இருந்தும் காற்றில் ஒரு ஜில்லிப்பு. மைக்கைப் பிடித்திருந்த என் கை மட்டும் வேர்த்து வழுக்கியது.

"இன்னா சரோஜா இது, எழவு வூட்டுக்கு வந்த மாதிரி குந்திக்கினு இருக்காங்க?" என்று கீபோர்டுக்குப் பின்னாலிருந்து முணுமுணுத்தார் மோகன் மாஸ்டர்.

"அடுத்தத எடுங்க மாஸ்டர்" என்றேன்.

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார், மேடையில் பயம் என்றால் என்ன என்று தெரியுமா உங்களுக்கு, எப்போதும் வாய் ஓயாமல் பேசுகிறீர்களே என்று. தெரியுமாவா? அம்மா தாயே, அந்த மலை மேடையில் நின்றிருந்தால் நீங்களும் தெரிந்துகொண்டிருப்பீர்கள்.

மாஸ்டரின் நாலு பையன்கள்

மோகன் மாஸ்டருக்குக் கள்ளக்குறிச்சியில் ரேடியோ ரிப்பேர் கடை. எங்கள் முத்துப்பந்தல் இன்னிசைக் குழுவின் ஆபீஸ், ஒத்திகை மண்டபம், டீக்கடை எல்லாம் அதுதான். நான் பகலில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துவிட்டு, சாயங்காலம் அங்கே போய்ப் பாடுவேன்.

பழைய பேப்பர் கடையில் ஓர் ஆங்கிலப் பத்திரிகை எப்படியோ அவர் கையில் சிக்கியிருந்தது. அதில் ஒரு படம். நெற்றி மறைய முடி வளர்த்த நாலு பையன்கள், இங்கிலாந்துக்காரர்கள், முதல்முதலாக அமெரிக்காவில் விமானத்தை விட்டு இறங்குகிறார்கள். கீழே வேலியைப் பிடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் பெண் பிள்ளைகள். ஒருத்தி தலைமுடியைப் பிய்த்துக்கொண்டு அழுகிறாள். ஒரு போலீஸ்காரர் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்.

"அந்தப் பொண்ணுங்க போட்ட சத்தத்துல பாட்டே கேக்கலயாம். பாடறவனுங்களுக்கே கேக்கலயாம்" என்பார் மாஸ்டர், என்னவோ அவரே பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி.

"அப்புறம் எதுக்கு மாஸ்டர் டிக்கெட் வாங்கினாளுங்க?"

"கேக்கறதுக்கா வந்தாளுங்க? பாக்கறதுக்கு வந்தாளுங்க."

எனக்கு அது ரொம்ப நாள் மனசில் கிடந்து உறுத்தியது. இத்தனை தூரம் கடல் தாண்டிப் போய்ப் பாடி, பாடியது ஒருத்தர் காதிலும் விழவில்லை என்றால் அது சந்தோஷமா, துக்கமா? ரசிகர்கள் யாரைப் பார்த்து அழுதார்கள்? அந்தப் பையன்களையா, அல்லது அந்தப் பையன்கள் வேஷத்தில் வந்த வேறு எதையோவா? இன்றைக்கு ரசிகர்கள் அழுவதுகூட இல்லை, கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன்

எங்கள் குழுவிலும் அந்த மாதிரி ஒருவன் இருந்தான். ராஜேந்திரன். ஸ்டெப் கட்டிங் தலை, பெல்பாட்டம், குரலில் ஒரு கிறக்கம். நைனார்பாளையத்தில் அவன் சட்டைக் காலரையே பிய்த்துக்கொண்டு போனார்கள். எலவனாசூர்கோட்டைத் திருவிழாவில் அவனைப் பார்க்க டிராக்டர் டிரெய்லர் மேல் ஏறிய கூட்டத்தில் டிரெய்லரே குடை சாய்ந்தது. விழுந்தவர்கள் எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, மறுபடியும் கூச்சல் போட்டார்கள்.

அவனுக்குப் பின்னால், பளபளக்கும் சிம்பல் தட்டுகளுக்கு மறைவில், டிரம்ஸ் வாசித்தவன் செல்வராசு. அவன் முகம் எந்த ரசிகருக்கும் தெரியாது. ஆனால் ராஜேந்திரனின் வலது குதிகால் மேடையில் தட்டிக்கொண்டே இருக்கும், செல்வராசுவின் பெரிய டிரம்முக்கு. அந்தக் குதிகால் நின்றால் பாட்டு நின்றுபோகும். செல்வராசு அடிக்கப்போவது திரும்பிப் பார்க்காமலே ராஜேந்திரனுக்குத் தெரியும்.

இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரர்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். ராஜேந்திரன் ஊர்த் தெரு, செல்வராசு காலனி. ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. ஒத்திகைக்கு ஒரே சைக்கிளில்தான் வருவார்கள். யார் மிதிப்பது என்று தினமும் சண்டை.

அப்போதுதான் அந்த இடஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. படிப்பிலும் வேலையிலும் எங்களுக்கு உரிய பங்கு கொடு என்று ராஜேந்திரனின் சாதிக்காரர்கள் கேட்டார்கள். கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ராஜேந்திரனின் தம்பியே டிகிரியை வாங்கி வைத்துக்கொண்டு வேலை கிடைக்காமல் வரப்பில் உட்கார்ந்திருந்தான். சாலையில் மரத்தை வெட்டிப் போட்டார்கள், பஸ் நின்றது, போலீஸ் வந்தது, சுட்டது, உயிர் போனது.

அப்புறம் அந்தக் கோபம் எப்படியோ தடம் மாறி, அதற்குச் சம்பந்தமே இல்லாத கூரைகள் மேல் விழுந்தது. அவர்கள் ஊரிலும் காலனி எரிந்தது. செல்வராசுவின் வீடும் போனது. யார் வைத்தார்கள் என்று தெரியாது என்றது ஊர். எல்லோருக்கும் தெரியும்.

செல்வராசு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மாஸ்டர் கடைக்கு வந்து அங்கேயே படுத்துக்கொண்டான். ராஜேந்திரன் அந்தப் பக்கமே வரவில்லை. கச்சேரி எதுவும் இல்லாததால் வரவேண்டிய அவசியமும் இல்லை.

மறியல் கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரத்தில் கல்வராயன் மலையிலிருந்து பொன்னன் வந்தார். சந்தைக்குத் தேனும் புளியும் கொண்டுவருபவர். கடையில் ரேடியோவை ரிப்பேருக்குக் கொடுத்தவர், "எங்க ஊரு திருவிழாவுக்கு ஒரு ஆர்கெஸ்ட்ராகூட வந்ததில்லீங்க, நீங்க வாங்களேன்" என்றார்.

மாஸ்டர் முகத்தில் பல்பு எரிந்தது. "சரோஜா, அந்த நாலு பையனுங்களுக்கு அமெரிக்கா. நமக்கு இந்த மலைதான்!"

பிறகு குரலைத் தாழ்த்தி, "இதுங்க ரெண்டும் ஒரே மேடையில ஏறுச்சின்னா பாப்போம். இல்லன்னா கலைச்சிட வேண்டியதுதான். நான் இனிமே யாரையும் புதுசா சேக்கறதா இல்ல" என்றார்.

குழு இல்லையென்றால் எனக்கு மிச்சம் அந்த டைப்ரைட்டர் சத்தம் மட்டும்தான். அதையும்விட, அந்த இரண்டு பேரும் பேசாமல் இருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. பெற்றால்தான் பிள்ளையா என்ன?

வளைவுகள்

மாஸ்டர் சொல்லியனுப்பியதும் ராஜேந்திரன் வந்துவிட்டான். வேனில் அவன் முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில். செல்வராசு கடைசியில், டிரம்முகளுக்கு நடுவில். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் கிட்டார் வாசிக்கும் பாபு ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுத்தான். அவனுக்கு எலுமிச்சம்பழம் கொடுப்பதும் முதுகைத் தடவுவதுமாகவே என் பயணம் போனது.

முன்னால் இருந்தவன் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பின்னால் இருந்தவன் ஜன்னலுக்கு வெளியே சாமைக் கொல்லைகளைப் பார்த்துக்கொண்டே வந்தான். இரண்டு பேரையும் பிடித்து மண்டையோடு மண்டை முட்டலாம் போலிருந்தது எனக்கு.

வெள்ளிமலைக்கும் அப்பால் இருந்தது பொன்னனின் ஊர். அங்கே கரண்ட் கிடையாது, நாங்கள் கொண்டுபோன ஜெனரேட்டர் மைக்குக்கும் கீபோர்டுக்குமே சரியாக இருக்கும். பொழுது சாய்வதற்குள் கச்சேரியை முடித்துவிட வேண்டும் என்று மத்தியானமே மேடை ஏற்றிவிட்டார்கள்.

இப்போது முதல் பாட்டுக்கு வருவோம்.

சத்தமே இல்லாத ஊர்

இரண்டாவது பாட்டுக்கும் கை தட்டல் இல்லை. மூன்றாவதுக்கும் இல்லை. மாஸ்டர் மானத்தை விட்டு மைக்கைப் பிடித்து, "புடிச்சிருந்தா கொஞ்சம் கை தட்டுங்கம்மா" என்று கேட்டேவிட்டார். முன்வரிசையில் ஒரு குழந்தை தட்டியது. அதன் அம்மா சட்டென்று அந்தக் கையைப் பிடித்து மடியில் அமுக்கினாள். போச்சுடா என்று நினைத்துக்கொண்டேன்.

ராஜேந்திரனைப் பார்க்கவே பாவமாக இருந்தது. டிரெய்லர் கவிழும் கூட்டம் பார்த்துப் பழகியவன். தலையைச் சிலுப்பினான், கண்ணடித்தான், மண்டி போட்டுப் பாடினான். மலை அசையவில்லை. நாலாவது பாட்டின் சரணத்தில் குரல் தடுமாறி, குதிகாலும் தப்பியது.

அப்போதுதான் திரும்பினான். குழு ஆரம்பித்த காலத்திலிருந்து மேடையில் ஒருநாளும் பின்னால் திரும்பாதவன், திரும்பி செல்வராசுவைப் பார்த்தான்.

செல்வராசு ஒரு கணம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு பெரிய டிரம்மை அழுத்தமாக ஓர் அடி அடித்து, தாளத்தை எடுத்துக் கொடுத்தான். ராஜேந்திரன் அதைப் பிடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு நாங்கள் கூட்டத்தைப் பார்க்கவே இல்லை. எங்களுக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் பாடினோம். ஒத்திகை பார்க்காத பாட்டையும் பாடினோம். யாருக்காக என்று தெரியாமல், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பாடினோம். சும்மா சொல்லக் கூடாது, அந்த மாதிரி நாங்கள் அதற்கு முன் பாடியதே கிடையாது. ஒரு சத்தமும் இல்லாததால் ஒவ்வொருத்தர் வாசிப்பதும் எனக்குத் தனித்தனியாகக் கேட்டது.

பொழுது மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. பாட்டும் தீர்ந்துவிட்டது. செல்வராசு குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தான்.

அவ்வளவுதான்! ஊரே எழுந்து ஓடிவந்தது.

தூக்கினார்கள்

கூட்டம் கத்திக்கொண்டு உங்களை நோக்கி ஓடிவந்தால், அந்த வருஷங்களில் அதற்கு ஓர் அர்த்தம்தான். பாபு கிட்டாரோடு சாமைக் கொல்லைக்குள் குதித்து ஓடினான். மாஸ்டர் கீபோர்டு மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். ராஜேந்திரன் மைக்கைப் பிடித்தபடி மரம் மாதிரி நின்றுவிட்டான்.

செல்வராசு டிரம்முக்குப் பின்னால் குந்தி, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டான். அதை நான் பார்த்தேன். பார்த்திருக்கவே வேண்டாம் என்று இருந்தது.

வந்தவர்கள் அவனை அப்படியே அலாக்காகத் தோளில் தூக்கினார்கள். தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றினார்கள். ஒருத்தன் சிம்பலைத் தலைமேல் பிடித்துக்கொண்டு முன்னால் ஆடினான். குச்சிகள் எங்கே போயின என்று இன்றுவரை தெரியாது. பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். என் ஜிகினாப் புடவையைத் தடவினார்கள், வளையலைக் கழற்றிக்கொண்டார்கள், உள்ளங்கையில் தேனை ஊற்றி நக்கச் சொன்னார்கள். அடேயப்பா, என்ன இரைச்சல்! ராஜேந்திரனைச் சுற்றி நின்ற பெண் பிள்ளைகள் அவன் தலைமுடி நிஜமா என்று இழுத்துப் பார்த்தார்கள்.

இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒருத்தியிடம், "இன்னாம்மா, இவ்ளோ ஆசைய வெச்சிக்கினு எங்கள ஏன் இப்டி சாவடிச்சிங்க?" என்று கேட்டேன்.

அவள் என்னை அதிசயமாகப் பார்த்தாள். "நீங்கதான் முடிக்கவே இல்லியே அக்கா. எங்க ஊருல வாத்தியத்தக் கீழ வெச்சாதான் பாட்டு முடிஞ்சுதுன்னு அர்த்தம். நடுவுல சத்தம் போட்டா வாசிக்கறவர எழுந்து போன்னு வெரட்டற மாதிரி. அவரு எப்ப கீழ வெப்பாருன்னுதான் பாத்துக்கினே இருந்தோம். காலெல்லாம் மரத்துப் போச்சி."

கோயில் ஆட்டத்தில் மேளம் வாசிப்பவர் மேளத்தை இறக்கி வைக்கும்வரை அவர்களுக்கு எல்லாம் ஒரே பாட்டுதானாம். எங்கள் அத்தனை பாட்டையும் ஒரே பாட்டு என்று நினைத்துக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் கேட்டிருக்கிறார்கள். மாஸ்டரின் அமெரிக்காக்காரப் பெண்கள் ஒன்றையும் கேட்காமல் கத்தினார்கள். இவர்கள் ஒன்று விடாமல் கேட்டுவிட்டுக் கத்தினார்கள். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

தோளிலிருந்து இறக்கிவிட்டபோது செல்வராசுவின் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. வேர்வை என்றான்.

அத்தனை கொண்டாட்டத்திலும் அவனும் ராஜேந்திரனும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மேடையில் பார்த்துக்கொண்டது மேடையோடு சரி.

அடிவாரத்துப் புளியமரம்

மறுநாள் காலையில் இறங்கினோம். மலை முடிந்து சமதளம் வரும் இடத்தில் ஒரு பெரிய புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. வெட்டின வாசனை இன்னும் போகவில்லை. இருபது முப்பது பேர் அதன் மேலும் பக்கத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் சின்ன வயசுப் பையன்கள். நாங்கள் மேலே இருந்தபோது கீழே மறியல் மறுபடியும் தொடங்கிவிட்டது.

டிரைவர் வேனை நிறுத்தினார். ஒருவன் எட்டிப் பார்த்தான்.

"டேய், பாட்டுக்காரர்டா! ராஜேந்திரண்ணன்டா!"

அவ்வளவுதான், வேனைச் சுற்றிக் கூட்டம். கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கோபமெல்லாம் எங்கேயோ போய், முகமெல்லாம் பல்லாக நின்றார்கள். "அண்ணே, ஒரே ஒரு பாட்டு பாடிட்டுப் போங்க. கிளைய ஒதுக்கி நாங்களே வண்டிய வுட்டுடறோம்."

மாஸ்டருக்கு உயிர் வந்தது. "அதுக்கின்னா, பாடிட்டா போச்சி!" என்று டிரம்ஸை இறக்கச் சொல்லிவிட்டார். ரோட்டிலேயே வைத்தோம். வெயில் சுள்ளென்று ஏறிக்கொண்டிருந்தது.

செல்வராசு வேனிலிருந்து இறங்கியதும் ஒருவன் அவனை உற்றுப் பார்த்தான். "இவன் அந்த ஊரு காலனியாச்சே?"

கொஞ்சம் மூத்தவனாக இருந்த ஒருவன் கையை ஆட்டினான். "பரவால்ல வுடு. வாசிச்சிட்டுப் போவட்டும்."

செல்வராசு அவனைப் பார்த்தான். பிறகு டிரம்ஸைப் பார்த்தான்.

"நான் வாசிக்கலங்க" என்றான்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. மாஸ்டர் பதறிப் போய், "டேய், ஒரு பாட்டுதான்டா, கண்ண மூடிக்கினு வாசிடா" என்று அவன் காதில் கெஞ்சினார். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நேற்றுத் தலையைப் பொத்திக்கொண்டு குந்தியவனா இவன் என்று இருந்தது.

"இன்னாடா திமிரு?" என்று ஒருவன் முன்னால் வந்தான். மூத்தவன் அவனைப் பிடித்து நிறுத்திவிட்டு, "அண்ணே, அவன் கெடக்கறான். நீங்க சும்மா பாடுங்க" என்றான்.

ராஜேந்திரன் பாடியிருக்கலாம். டிரம்ஸ் இல்லாமல் பாடக்கூடியவன்தான். பாடியிருந்தால் பத்து நிமிஷத்தில் நாங்கள் கள்ளக்குறிச்சி ரோட்டில் இருந்திருப்போம்.

"செல்வராசு வாசிக்கலன்னா பாட்டு கெடையாது" என்றான்.

"இன்னாண்ணே, நம்ம ஆளா இருந்துக்கினு நீயே இப்டிப் பேசற?"

"நம்ம ஆளுதான். என் தம்பியும் படிச்சிட்டு வேலயில்லாம குந்திக்கினுதான் இருக்கான். நீங்க கேக்கறதத்தான் நானும் கேக்கறேன்." அவன் குரல் நடுங்கியது. மேடையில் நடுங்கும் கிறக்கம் இல்லை அது. "ஆனா இவன் வூடு எரிஞ்சப்ப நான் என் வூட்டுக்குள்ளதான் இருந்தேன். சத்தமெல்லாம் கேட்டுச்சி. இவன் என் பேரச் சொல்லிக் கூப்ட்டதும் கேட்டுச்சி. கதவத் தொறக்கல."

செல்வராசு அசையவில்லை. அந்தப் பையன்களில் சிலர் தரையைப் பார்த்தார்கள். ஒருவன் மரத்திலிருந்து எழுந்து அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

மூத்தவன் மலைப் பக்கம் கையைக் காட்டி, "வந்த வழியே போங்க" என்றான். திட்டாமல், அடிக்காமல் அதைச் சொன்னானே, அவன் நன்றாக இருக்கட்டும்.

செல்வராசு பெரிய டிரம்மின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். ராஜேந்திரன் ஓடிப் போய் மறுபக்கத்தைப் பிடித்தான். இரண்டு பேருமாக ஏற்றினார்கள். வேன் திரும்பியது.

மேலே

ஏழெட்டு வளைவு ஏறிவிட்டோம். பாபுகூட வாந்தி எடுக்க மறந்துவிட்டான். ராஜேந்திரன் இந்தத் தடவை முன் சீட்டுக்குப் போகாமல், டிரம்முகளுக்கு நடுவில் கிடைத்த இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான்.

செல்வராசு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அன்னிக்கே தொறந்திருக்கலாம்ல நீ?"

"தொறக்கலடா" என்றான் ராஜேந்திரன். துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு குலுங்கினான்.

செல்வராசு அவனைச் சமாதானம் செய்யவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? ஆனால் அடுத்த வளைவில் சிம்பல் ஸ்டாண்டு ராஜேந்திரன் மேல் சாயப் போனபோது, கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டான். ஊர் போய்ச் சேரும்வரை பிடித்துக்கொண்டே வந்தான்.

எங்கள் வேனைக் கண்டதும் பொன்னனின் ஊர் மறுபடியும் திரண்டு ஓடிவந்தது. போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள் என்று அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. வேன் கதவைத் திறந்து செல்வராசுவைத் தோளில் ஏற்ற நாலைந்து பேர் கையை நீட்டினார்கள்.

"வேணாங்க" என்றான் அவன். கீழே குதித்து, திரும்பி ராஜேந்திரனுக்குக் கை கொடுத்து இறக்கினான். "ரெண்டு பேரும் நடந்தே வரோம்."